அரணும் தோழனும்

இரண்டு டேப்லெட்டுகளையும் எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டி முடிக்கக் காலை பதினொரு மணி ஆகிவிட்டது. உமையாள் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதை ஒட்டி ஒரு சமையலறை, ஒரு குளியலறை. நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த வாரியக் குடியிருப்பில், ஏழாவது மாடி. இனி முப்பது நாட்களுக்கு இந்த வீடுதான் சிறை. வாசற்படிதான் அதன் மதில்.

"எதுக்கு மேடம் ரெண்டு?" என்றான் தணிகைவேல். "ஒரு ஆளப் பாக்க ஒண்ணு போதாதா?"

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் மாட்டப்பட்டிருந்த கறுப்புப் பட்டையை விரலால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலைதான் மத்திய சிறையிலிருந்து வந்திருந்தான். பதினோரு மாதம் உள்ளே இருந்தவன். வழக்கு விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

"ரெண்டுல எது நல்லதுன்னு பாக்கறதுக்குத்தான்" என்றாள் உமையாள். "இது அரண். இதுல ரெண்டு சிம் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. ரெண்டும் போனா நேரா சாட்டிலைட். கரண்ட் இல்லைன்னாலும் மூணு நாள் ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க முகத்தைப் பாக்கும். நீங்க இருக்கீங்களா இல்லையா, அவ்வளவுதான் இதுக்கு வேணும்."

"அது?"

"அது தோழன். அதுக்கு சிம் கிடையாது, வைஃபை மட்டும்தான். லைன் போச்சுன்னா எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சுக்கிட்டு, வந்தப்புறம் அனுப்பும். ஆனா சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க. தமிழ் பேசும். நீங்க பேசறது புரியும். ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே போலீசுக்குச் சொல்லாது. முதல்ல உங்ககிட்ட காரணம் கேக்கும்."

"மனுஷன் மாதிரி."

"ஆமா. அப்படி வெச்சுக்கோங்க."

தணிகைவேல் ஒன்பது வருடம் மாநகரப் பேருந்து ஓட்டியவன். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் தெருவுக்கு வந்த வருடம், வேலை போனவர்கள் பணிமனை வாசலில் கூடினார்கள். அன்று ஒரு பேருந்து எரிந்தது. அறுபத்திரண்டு பேரைப் பிடித்தார்கள். அதைப் பற்றி உமையாள் கேட்காமலே அவன் சொன்னான். "கொளுத்தினது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். நான் இல்ல. ஆனா அணைக்கவும் போகல."

அவனைப் போல விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் மாநிலம் முழுக்கப் பதினோராயிரம் பேர். சிறைகளில் படுக்க இடமில்லை. ஆகவே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கைதியை வீட்டுக்கு அனுப்பி, காலில் ஒரு பட்டையும் சுவரில் ஒரு டேப்லெட்டும் மாட்டிவிடுவது. பட்டை டேப்லெட்டோடு புளூடூத்தில் பேசிக்கொண்டே இருக்கும். அவன் வாசலைத் தாண்டினால் டேப்லெட்டுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நிறுவனங்களின் டேப்லெட்டுகள் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. எது சிறந்தது என்று சொல்லும் பொறுப்பு உமையாள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது. மேஜையில் வைத்துச் சோதித்தால் போதாது, ஒரு கைதி இரண்டோடும் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று துறை கேட்டது. அதற்கு ஒப்புக்கொண்டால் ஜாமீன் என்றது நீதிமன்றம். தணிகைவேல் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

அவனுடைய மனைவி வனரோஜா சமையலறையிலிருந்து ஒரு தட்டில் ரசம் சாதமும் அப்பளமும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். ஏழு வயது மகள் மிருதுளா பள்ளிக்குப் போகாமல் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முதல் கவளத்தை எடுத்து மகளுக்கு ஊட்டினான். வனரோஜா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

தோழனின் திரையில் நீல வெளிச்சம் ஒன்று எரிந்தது. இனிமையான ஒரு குரல் கேட்டது. "வணக்கம். வீட்டில் யாரோ அழுவதுபோல் தெரிகிறது. காரணம் சொல்ல முடியுமா?"

மூவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

"சந்தோஷத்துல" என்றான் தணிகைவேல்.

"நன்றி. ஏற்கத்தக்கது" என்றது தோழன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உமையாளும் சிரித்தாள். தன் குறிப்பேட்டில், 'பேச்சு உணர்தல்: மிக நன்று' என்று எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் தினமும் வந்தாள். வைஃபையை நிறுத்திப் பார்த்தாள். தோழன் எத்தனை மணி நேரப் பதிவைத் தாங்குகிறது என்று குறித்தாள். சிக்னலைத் தடுக்கும் கருவியை அரணுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் சிம், இரண்டாவது சிம், பிறகு செயற்கைக்கோள் என்று பதினோரு விநாடிக்குள் அது மூன்றாவது வழியைப் பிடித்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. தணிகைவேலைத் தாடியோடும் தாடியில்லாமலும் துண்டு போர்த்திக்கொண்டும் உட்கார வைத்தாள். அவன் சொன்னபடி எல்லாம் செய்தான். சில நாள் கிண்டல் செய்வான். "அந்த பஸ்ஸு ஆள் இல்லாம ஓடுது. இங்க ஆள் இருக்கேன், ஓட முடியல."

இரண்டாவது வாரத்தில் வீடு மிகவும் அமைதியாகிவிட்டதை உமையாள் கவனித்தாள். டி.வி. ஓடவில்லை. வனரோஜாவின் தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. 'பின்னணி ஓசை குறைவு. ஒலிவாங்கிச் சோதனைக்கு உகந்த சூழல்' என்று எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மின்சாரம் போயிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. பள்ளி விட்டு வந்த மிருதுளா ஏழு மாடியும் ஏறி வந்து, கடைசித் திருப்பத்தில் கால் வழுக்கி விழுந்தாள். அவள் போட்ட அலறல் கதவைத் தாண்டிக் கேட்டது. வனரோஜா குழாயடியில் இருந்தாள். தணிகைவேல் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு பதினோரு படி இறங்கினான். நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த மகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறினான். மொத்தம் நாற்பது விநாடி.

அவன் வாசலைத் தாண்டிய நான்காவது விநாடியில் அரண் செய்தி அனுப்பிவிட்டது. எதுவும் பேசவில்லை, திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. தோழன் கேட்டது. "நீங்கள் வெளியே சென்றீர்கள். காரணம்?"

"பொண்ணு விழுந்துட்டா! ரத்தம் வருது!"

"நன்றி. ஏற்கத்தக்கது. இணைப்பு கிடைத்ததும் தெரிவிக்கப்படும்."

இணைப்பு வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள், அரைமணி நேரத்திலேயே, இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். மகளின் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுக்கச் சொன்னார்கள். வனரோஜா அதை வாங்கி அழுத்திக்கொண்டாள். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான்கு நாள் அவன் மறுபடி சிறையில் இருந்தான். ஐந்தாம் நாள் உமையாள் நீதிமன்றத்துக்குப் போய், தோழனின் பதிவைக் கொடுத்தாள். நீதிபதி காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். குழந்தையின் அழுகை, அப்பாவின் பதற்றம், 'ஏற்கத்தக்கது' என்ற அமைதியான குரல். அன்று மாலையே தணிகைவேல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

திரும்பும் வழியெல்லாம் உமையாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று பார்த்ததைச் சொன்னது. இன்னொன்று ஏன் என்று கேட்டது. பதினோராயிரம் வீடுகளில் குழந்தைகள் இருக்கும், விழும். அந்த வீடுகளில் எது தொங்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சிக்கல், மதிப்பெண் படிவத்தில் இருந்தது. இணைப்பு வசதிக்கு நாற்பது, மென்பொருளுக்கு முப்பது, பேட்டரிக்குப் பதினைந்து, கேமராவுக்குப் பதினைந்து. அரணுக்கு எண்பத்தொன்று வந்தது. தோழனுக்கு எழுபத்து நான்கு. படிவத்தைத் தயாரித்தவள் அவளேதான். ஒரு வருடத்துக்கு முன், இந்த வேலை ஒரு கோப்பாக மட்டும் இருந்தபோது, இணைப்புதானே முக்கியம் என்று ஒரே மாலையில் எழுதி முடித்திருந்தாள்.

முப்பதாம் நாள் ரிப்போர்ட்டை மேலாளர் ஹபிபுல்லாவின் மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை முதலில் படித்தார். தோழன் எழுபத்தொன்பது. அரண் எழுபத்தேழு.

"இந்த அரண் பேட்டரிச் சோதனை எத்தனை தடவை பண்ணீங்க?"

"ஆறு தடவை சார்."

"நாற்பத்தெட்டு டிகிரி வெயில்ல பண்ணின ஆறாவது சோதனையை மட்டும் எழுதியிருக்கீங்க."

"நம்ம ஊர்ல அந்த வெயில் அடிக்கும் சார்."

"அடிக்கும். வீட்டுக்குள்ளயா?"

ஹபிபுல்லா இன்னும் இரண்டு பக்கங்களைப் புரட்டினார். தோழனுக்கு 'மொழித் திறன்' என்ற புதிய வரியில் ஐந்து மதிப்பெண் கூடியிருந்ததையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இருபது வருஷமா உங்க ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறேன்" என்றார். "இப்படி ஒண்ணு நீங்க பண்ணினதே இல்லை. ஏன்?"

"அந்த ஆளோட குழந்தை நெத்தியில மூணு தையல் சார். அவரு அப்ப ஒரு போலீஸ் வேன்ல இருந்தாரு."

அவர் வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை டேப்லெட்டுகளைக் கழற்ற உமையாள் போனாள். புதிதாக ஒன்று மாட்டும் வரை இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் இல்லாமல் இருக்க நீதிமன்றம் அனுமதித்திருந்தது. கீழே ஒரு காவலர் மட்டும் நின்றார். அவள் ஆய்வகச் சாவியை அரணில் செருகினாள். திரை இருண்டது. தோழனில் செருகினாள். நீல வெளிச்சம் மெல்ல மங்கி அணைந்தது.

தணிகைவேல் பாயில் உட்கார்ந்திருந்தான். "ரெண்டும் செத்துடுச்சா?" என்று கிசுகிசுத்தான்.

"ஆஃப் ஆயிடுச்சு. நல்லாவே பேசலாம்."

"காது கேக்காதே?"

"கேக்காது." அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு நல்ல செய்தி. தோழன்தான் ஜெயிச்சுது. இனிமே எல்லா வீட்டுலயும் அதுதான்."

அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. வனரோஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்" என்றான் அவன்.

"எதை?"

"எது பரவால்லன்னு."

உமையாளுக்குப் புரியவில்லை. "அரண் உங்களை ஜெயிலுக்கு அனுப்பிச்சுது. தோழன் சொன்னதுனாலதானே வெளியே வந்தீங்க?"

"ரெண்டும் நிஜந்தான். அத்த நான் இல்லன்னு சொல்லல." அவன் இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்த அரண் வெறும் கண்ணு மேடம். நான் இருக்கனான்னு பாக்கும், போயிடும். அது முன்னால நான் அழலாம். லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு இவகிட்ட சண்ட போடலாம். அதுக்கு ஒரு கவலயும் இல்ல. வாசலத் தாண்டினா புடிச்சிக் குடுத்துடும். அது எனக்குத் தெரியும், அதுக்கும் தெரியும். அந்தத் தோழன் இருக்குதே..."

அவன் நிறுத்தினான். பழக்கத்தில் குரல் தாழ்ந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"விடியக்காத்தால எழுந்தா, ஏன் சீக்கிரம் எழுந்தீங்கன்னு கேக்குது. பாத்ரூம்ல பத்து நிமிஷம் ஆனா, ஏன் தாமதம்னு கேக்குது. சாப்பாடு இறங்கலன்னு தட்டத் தள்ளி வெச்சா அதுக்கு ஒரு காரணம். இவ மூஞ்சத் தூக்கி வெச்சினா அதுக்கு ஒரு காரணம். அதுவும் சும்மா சொன்னாப் போதாது. அது ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா 'தெளிவாகச் சொல்லவும்'னுது. அப்பறம் லைன் வந்ததும் எதச் சொல்லும், எத வுடும், யாருக்குத் தெரியும்? நாள் பூரா அதையே நெனச்சிக்கினு உக்காந்திருக்கணும். ஜெயில்ல அந்த வார்டரு என்னைய அடிச்சிருக்கான் மேடம். ஆனா ஏன் அழறேன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

வனரோஜா அருகே வந்தாள். "மெஷின்ல தைக்கறத நான் வுட்டுட்டேன். சத்தத்துல அவர் பேசறது சரியா கேக்கலன்னு சொல்லிச் சொல்லி, அவர திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. சரி, அத்தக் கூடத் தாங்கிக்கலாம். மிருதுளா இப்ப வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அந்தச் சுவத்தப் பாக்கறா. ஸ்கூலுக்கு லேட்டாப் போயிருக்கா. டீச்சர் ஏன்னு கேட்டிருக்காங்க. இவ காரணத்தச் சொல்லிட்டு, நீங்க ஏத்துக்கறீங்களான்னு டீச்சரயே கேட்டிருக்கா. டீச்சர் என்னைக் கூப்ட்டு, இன்னாம்மா பொண்ணு இப்படிப் பேசறாளேன்னாங்க."

உமையாள் கையில் தோழனைப் பிடித்தபடி நின்றாள். ஒரு நாளைக்குச் சராசரியாக முப்பத்தொரு கேள்விகள், ஒவ்வொன்றும் ஒன்பது விநாடி, மொத்தம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, ஆகவே தொந்தரவு மிகக் குறைவு என்று ரிப்போர்ட்டின் பதினான்காம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள். முப்பது நாளும் இந்த வீட்டுக்கு வந்தாள். இணைப்பின் வேகத்தை அளந்தாள், வெளிச்சத்தை அளந்தாள், குழந்தையின் அழுகை எத்தனை டெசிபல் என்றுகூட அளந்தாள்.

"ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்றது?" என்றான் தணிகைவேல். "அது கேட்டுக்கினுதானே இருந்துச்சு."

அன்றே உமையாள் துறைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். மதிப்பெண்களில் தான் செய்ததையும் மறைக்காமல் எழுதினாள். இரண்டில் எதுவும் வேண்டாம் என்றாள். வாசலை மட்டும் கவனிக்கும் ஒரு கருவி போதும்; அது வீட்டுக்குள் பார்க்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்; கைதி வெளியே போனால் போலீஸ் வருவதற்கு முன் ஒரு மனிதர் போன் செய்து பேசட்டும் என்றாள். அரண் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதையும், தோழன் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் எப்போது யாரிடம் சொல்லும் என்று யாருக்கும் தெரிவதில்லை என்பதையும் தணிகைவேலின் வார்த்தைகளிலேயே விளக்கினாள்.

ஹபிபுல்லா அதைப் படித்தார். "அனுப்பாதீங்கன்னு சொல்ல மாட்டேன். உங்க வேலைக்கு நான் பாத்துக்கறேன். ஆனா இதைப் படிக்கிறவங்க வீட்டுல சுவர்ல எதுவும் மாட்டியிருக்காது. அதை நினைவு வெச்சுக்குங்க."

பதினோரு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். 'தாங்கள் சுட்டிக்காட்டிய இரு குறைகளும் கவனத்தில் கொள்ளப்பட்டன. ஒரு கருவி காரணம் கேட்பதில்லை. மற்றொரு கருவி உடனுக்குடன் தெரிவிப்பதில்லை. எனவே இரு நிறுவனங்களும் இணைந்து, இரண்டு சிறப்பம்சங்களையும் கொண்ட ஒரே கருவியை வழங்க முன்வந்துள்ளன. தங்கள் கூர்ந்த ஒப்பீட்டுக்குத் துறை நன்றி தெரிவிக்கிறது.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் உள்பக்கம் கைப்பிடி இல்லை என்று தெரிந்ததைப்போல இருந்தது. மேற்கொண்டு மூன்று கடிதம் எழுதினாள். அவற்றுக்குப் பதில் இல்லை.

புதிய கருவி இரண்டே மாதத்தில் தயாரானது. இரண்டு சிம், செயற்கைக்கோள், மூன்று நாள் பேட்டரி. அதே இனிமையான குரல். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும், கேட்கும், சொல்லப்பட்ட காரணத்தை அந்த நொடியே அனுப்பும். முதல் ஐம்பது வீடுகளில் தணிகைவேலின் வீடும் ஒன்று. ஏற்கெனவே பழகியவர் என்று கோப்பில் இருந்தது.

அந்த ஐம்பது வீடுகளிலும் பேச்சைக் கருவி சரியாகப் புரிந்துகொள்கிறதா என்று சரிபார்க்கும் வேலை உமையாளின் கூடத்துக்கே வந்தது. முடியாது என்று சொல்லத்தான் போனாள். "நீங்க பண்ணலைன்னா வேற ஒருத்தர் பண்ணுவாங்க" என்றார் ஹபிபுல்லா. "அவங்களுக்கு அந்த வீடு தெரியாது." அவள் திரும்பி வந்து கணினிக்கு முன் உட்கார்ந்தாள்.

தினமும் காலையில் முந்தைய நாளின் கேள்விகளும் பதில்களும் வரிசையாக வரும். முதல் வாரம் தணிகைவேலின் பதில்கள் நீளமாக இருந்தன. இரண்டாவது வாரம் சுருங்கின. தூக்கம் வரல. தலவலி. சும்மா. சும்மா என்றால் கருவி தெளிவாகச் சொல்லச் சொன்னது. அவன் உடனே தலைவலி என்றான்.

பத்தொன்பதாம் நாள் காலைப் பதிவில் இப்படி இருந்தது.

'நேரம்: 9.40. வாசலை நோக்கிச் செல்கிறீர்கள். காரணம்?'

'ஜெயிலுக்குப் போறேன்.'

'நன்றி. ஏற்கத்தக்கது.'

அதற்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை.

கருவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் என்று உமையாள் நினைத்தாள். ஒலியைப் போட்டுக் கேட்டாள். தவறில்லை. அவன் குரல்தான்; தெளிவாக, அவசரமில்லாமல் சொல்லியிருந்தான். வனரோஜாவுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவளே கிளம்பிப் போனாள்.

ஏழாவது மாடிக்கு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மிருதுளாவும் பக்கத்து வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு உச்சக்குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். வனரோஜா உமையாளைப் பார்த்ததும் அவர்களை வெளியே விளையாட விரட்டினாள். சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

"போன் எடுக்காததுக்கு மன்னிச்சிக்கோங்க மேடம். யார்கிட்டயும் பேசத் தோணல" என்றாள். "வக்கீலப் புடிச்சி ஜாமீன ரத்து பண்ணச் சொல்லி அவரே எழுதிக் குடுத்துட்டாரு. கோர்ட்டுல ஜட்ஜே ஆச்சரியப்பட்டுட்டாராம். வீட்ல இருக்கப் புடிக்கலியான்னு கேட்டாராம்."

"அவர் என்ன சொன்னாரு?"

"வீடு இருக்கட்டும்னுதான் போறேன்னாராம்."

வனரோஜா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உமையாள் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். "நான் எழுதின கடிதத்தாலதான் அப்படி ஒரு டேப்லெட் வந்துச்சு. நான் நல்லதுன்னு நெனச்சு..."

"அவருக்குத் தெரியும் மேடம். நீங்க கண்டிப்பா வருவீங்கன்னாரு. வந்தா ஒண்ணும் சொல்லாத, டீ போட்டுக் குடுன்னாரு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் காய்வதைப் பார்த்துக்கொண்டே முதுகைக் காட்டி நின்று பேசினாள்.

"முதல்ல நான் ஒத்துக்கல. போவாதன்னு அழுதேன். நீங்க ஏன் அழறீங்கன்னு அது கேட்டுச்சு. அப்ப அவரு என்னப் பாத்தாரு. அந்தப் பார்வைய நான் எப்டி சொல்றது? அதுக்கு மேல நான் அழல. சரி, போய்ட்டு வான்னுட்டேன்."

இரண்டு டம்ளர்களில் டீயை ஊற்றி, ஒன்றை உமையாளிடம் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழம போய்ப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. எனக்கு ரெண்டு பக்கமும் நாப்பது அம்பது பேரு, எல்லாரும் ஒரே கத்தல். யாரு பேசறதும் யாருக்கும் கேக்கல. பதினஞ்சு நிமிஷந்தான் மேடம் குடுத்தாங்க." அவள் முகம் திடீரென்று மலர்ந்தது. "இத்தன நாளு ஒரே வீட்ல இருந்தோமே, அப்ப பேசாதத எல்லாம் பேசினோம். கல்யாணம் ஆன புதுசுல பேசிக்குவோமே, அப்படி."

என்ன பேசினீர்கள் என்ற கேள்வி உமையாளின் நாக்குவரை வந்தது.

அவள் கேட்கவில்லை. டீயைக் குடித்தாள்.